பழைய றேசிங் சைக்கிளும் 630 என்ற எண்ணும்

2020 ஆனி மாதம் ரொறொன்ரோவில் புதுச் சைக்கிள் வாங்க முடியாது. கொரோனாவுக்குப் பயந்து பஸ் ஏறாமல் விட்ட சனம் முழுக்கச் சைக்கிளுக்குத் திரும்பியிருந்தது. கடைகளில் கொளுக்கிகள் மட்டும் தொங்கின. எனக்கோ வேலைக்குப் போய்வர ஒன்று வேண்டும். ஸ்காபரோவில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே சுவரில் சாய்ந்து நின்ற ஒரு செக்கினேயை 50 டொலருக்கு வாங்கினேன். கீழே வளைந்த ஹாண்டில், பத்துக் கியர், முன் தண்டில் சின்னக் கண்ணாடிக் கல் பதித்த சின்னம். செக்கினே ஜப்பானியக் கம்பனி. 1970களில் மனிடோபா மாகாணத்தில் ரிவர்ஸ் என்ற சிற்றூரில் தொழிற்சாலை வைத்து, கனடாவிலேயே சைக்கிள் செய்தவர்கள். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்த காலத்தில் இங்கே பிறந்த சைக்கிள் அது. சட்டகத்தில் துரு இல்லை, செயினும் ஓடியது. ரயர் இரண்டும்தான் முடிந்துபோயிருந்தன. பக்கச்சுவர் வெயிலில் வெடித்து, உள்ளே நூல் தெரிந்தது.

ரயர்தானே, இரண்டு வாங்கிப் போட்டால் போச்சு என்று நினைத்தேன். அந்த இரண்டு ரயருக்காக நான் மூன்று கோடைகள் படித்தேன்.

முதல் பிழை முதல் கிழமையிலேயே நடந்தது. பழைய ரயரில் 27 x 1 1/4 என்று இருந்தது. அந்த அளவு எங்கும் இல்லை. ஒரு கடையில் நின்ற பெடியன், "700 x 32 எண்டாலும் அதேதான் அண்ணை, இப்ப பேர் மாத்திப்போட்டாங்கள்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்கும் தெரியாது. 48 டொலர் கொடுத்து இரண்டு வாங்கிவந்து, எங்கள் மாடிக்கட்டடத்தின் கீழே சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஏற்றத் தொடங்கினேன். ரயரின் ஒரு பக்க விளிம்புக் கம்பி எப்படியோ பாதி ஏறியது. மிச்சப் பாதி ஏறவே இல்லை. பிளாஸ்ரிக் லீவர் இரண்டு முறிந்தன. மூன்றாவதாக வீட்டிலிருந்து கரண்டி கொண்டுவந்து நெம்பினேன். ரியூப் கிழிந்தது.

அந்த நேரத்தில்தான் ஆறாம் மாடியில் இருக்கும் ஐயா மாலை நடைக்கு இறங்கி வந்தார். சுன்னாகத்தில் முப்பது வருடம் சைக்கிள் கடை வைத்திருந்தவர். அதுவரை அவருக்கும் எனக்கும் லிப்டுக்குள் வணக்கம் சொல்லும் பழக்கம் மட்டும்தான்.

"தம்பி, உதென்ன மல்லுக்கட்டு?"

"ரயர் ஏறுதில்லை ஐயா."

"கரண்டி போட்டு ஏத்திற ரயர் உந்தச் சில்லுக்கான ரயர் இல்லை. றிம்மில என்ன எழுதியிருக்கெண்டு பாத்தனியே?"

நான் பார்க்கவில்லை. அவர் குந்தியிருந்து, தன் சட்டை நுனியால் றிம்மைத் துடைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார். பிறகு நான் வாங்கிவந்த ரயரைத் தூக்கி அதன் பக்கத்தில் இருந்த சின்ன எழுத்தை வாசித்தார். 32-622. "622 இதின்ர குறுக்களவு. உன்ர றிம் அதைவிடப் பெரிசு. எப்பிடி ஏறும்?"

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பழைய சைக்கிளுக்கு ரயர் வாங்குகிறவர் அங்குலக் கணக்கை நம்பக்கூடாது. 27, 28, 700 என்பவை அந்தக் காலத்தில் ரயரின் வெளிவட்டத்துக்குக் கிட்டத்தட்ட வைத்த பெயர்கள். ரயரின் கம்பி றிம்மில் எங்கே உட்காருகிறதோ, அந்த வட்டத்தின் குறுக்களவுதான் பொருந்துமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும். ஐரோப்பிய ரயர், றிம் அமைப்பு வகுத்த முறையில் அது மில்லிமீற்றரில் எழுதப்படும்: முதல் எண் ரயரின் அகலம், அடுத்தது அந்தக் குறுக்களவு. 27 அங்குல றேசிங் சைக்கிளுக்கு 630. கடைப் பெடியன் தந்த 700 வகைக்கு, அதாவது 700C என்பதற்கு 622. வித்தியாசம் 8 மில்லிமீற்றர்தான். கண்ணுக்குத் தெரியாது. கைக்குத் தெரியும்.

இதில் ஒரு விந்தை உண்டு. ஊரில் அப்பா ஓடிய ராலே 28 x 1 1/2. அதன் குறுக்களவு 635. ஆக 28 என்பது 27ஐ விட ஓர் அங்குலம் பெரிதில்லை, வெறும் 5 மில்லிமீற்றர்தான் பெரிது. அதே 28 என்ற எண்ணோடு ஐரோப்பாவில் வரும் வேறு சில ரயர்கள் 622. இப்போது மலைச் சைக்கிள்களில் போடும் 27.5 என்பது 584. பெயரில் 27ஐ விடப் பெரிது, உண்மையில் 46 மில்லிமீற்றர் சிறிது. பின்னத்தில் எழுதுவதும் தசமத்தில் எழுதுவதும்கூட ஒன்றில்லை: 26 x 1 3/4 ரயர் 571, 26 x 1.75 ரயர் 559. கணக்கு வாத்தியார் இரண்டும் சமன் என்பார், றிம் ஒத்துக்கொள்ளாது. எனவே பின்னத்தை வாசித்தோ கடைக்காரர் சொல்வதைக் கேட்டோ வாங்காமல், 630 என்ற எண் ரயரில் அச்சடிக்கப்பட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்குங்கள். பெட்டியைத் திறந்துவிட்டதால் என் 48 டொலர் திரும்பி வரவில்லை.

ஏறாத ரயர் காசைத்தான் தின்னும். ஏறுகிற பிழையான ரயர் ஆளைத் தின்னும். அடுத்த வருடம் கூட வேலை செய்யும் ஒருவரின் மகன் 700C றிம்முக்கு 27 அங்குல ரயரைப் போட்டிருக்கிறான். விரலாலேயே ஏறிவிட்டது, லேசாக ஏறியது என்று சந்தோஷப்பட்டிருக்கிறான். நிலவறையில் வைத்துக் காற்று அடித்தபோது ரயர் றிம்மை விட்டுக் கழன்று ரியூப் வெடித்தது. வீட்டுக்குள் நடந்ததால் காது இரைந்ததோடு போயிற்று. ரயர் மிக இறுக்கமாக இருந்தால் ஒரு தரம் யோசியுங்கள். மிகத் தளர்வாக இருந்தால் நிறுத்துங்கள்.

இந்த 27 அங்குலம் ஏன் இப்படி அருகிப் போனது? 1970களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் பத்துக் கியர் சைக்கிள் மோகம் பெரிதாக எழுந்தது. 1973இல் அமெரிக்காவில் மட்டும் 1 கோடி 50 இலட்சத்துக்கு மேல் சைக்கிள்கள் விற்றன. அந்த அலையில் வந்த பத்துக் கியர்களில் மிகப்பெரும்பாலானவை 27 அங்குலம். 1980களின் நடுவில் உற்பத்தியாளர்கள் 700Cக்கு மாறிவிட்டார்கள். ஆனால் அந்தப் பழைய இரும்புகள் சாகவில்லை, கராஜுகளில் தொங்குகின்றன. அதனால்தான் ரயர் இன்னும் செய்கிறார்கள். தெரிவு குறைவு, ஆனால் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் எந்தச் சந்தியிலும் 28 x 1 1/2 வாங்கலாம், இங்கே அது தேடவேண்டிய பொருள். இங்கே தேடினால் கிடைக்கும் 27 x 1 1/4 அங்கே நான் கண்டதே இல்லை. எந்த ஊர்ச் சைக்கிளுக்கும் அந்த ஊரில் ஓடிய அளவுதான் மலிவு.

இரண்டாம் பாடத்துக்கு வருகிறேன். இது எனக்குப் பயம் காட்டிய பாடம்.

ஆவணி மாதம் சரியான அளவு கிடைத்தது. 27 x 1 1/4, பக்கச்சுவர் மண்ணிறம், சோடி 44 டொலர். மிக மலிவு. கையாலேயே ஏறியது. பக்கச்சுவரில் காற்றழுத்தம் அதிகபட்சம் 90 பிஎஸ்ஐ, அதாவது 90 இறாத்தல், என்று இருந்தது. 90 அடித்து, சைக்கிளை வீட்டுக்குள் கொண்டுவந்து நடைக்கூடத்தில் நிறுத்திவிட்டுப் படுத்தேன். இரவு இரண்டு மணிபோல் ஒரு சத்தம். குண்டுச் சத்தம் கேட்டு வளர்ந்த உடம்பு எனக்கும் மனைவிக்கும். விளக்குப் போடாமலே இரண்டு பேரும் தரையில் கிடந்தோம். மகள்தான் எழுந்து வந்து, "அப்பா, சைக்கிள்" என்றாள். பின் ரயர் றிம்முக்கு வெளியே கிடந்தது, ரியூப் ஒரு முழம் கிழிந்திருந்தது.

காலையில் ஐயாவிடம் சில்லைக் கொண்டுபோனேன். அவர் ரயரைப் பார்க்கவில்லை. றிம்மின் உள்விளிம்பில் நகத்தை வைத்து மேலே இழுத்தார். "வழுவழுப்பா இருக்கு, பார்." இன்றைய றிம்களில் அந்த உள்விளிம்பில் சின்னக் கொக்கிபோல் ஒரு மடிப்பு இருக்கும். காற்று அழுத்தும்போது ரயரின் ஓரத்தை அது பிடித்துக்கொள்ளும். 70களின் குரோமியம் பூசிய இரும்பு றிம்கள் பலவற்றில் அது கிடையாது, சுவர் நேராக இருக்கும். ரயரில் எழுதியிருக்கும் 90 என்பது ரயர் தாங்குவது. றிம் பிடித்துவைப்பது வேறு கணக்கு. இரண்டிலும் குறைந்ததற்குத்தான் கட்டுப்பட வேண்டும். நேர்ச்சுவர் இரும்பு றிம்மில் நான் 70ஐத் தாண்டுவதில்லை.

காற்று அடிக்கும் முறையையும் அவரே காட்டினார்.

"ஒரேயடியா அடிக்காதை. இருவது இறாத்தல் அடி, நிப்பாட்டு, சில்லைச் சுத்து. ரயரின்ர பக்கத்தில சுத்திவர ஒரு கோடு இருக்கு, அது றிம்முக்கு மேல ஒரே உயரத்தில ஓடுதோ எண்டு பார். ஒரு இடத்தில ஏறி இறங்கினா காத்தைத் திறந்துவிட்டுக் கையால பிசைஞ்சு இருத்து. பிறகு மிச்சத்தை அடி."

அன்று தொடக்கம் அப்படித்தான். பெற்றோல் நிலையத்தின் காற்றுக் குழாயைக் கிட்டவும் எடுப்பதில்லை. பழைய சைக்கிள்கள் பலவற்றில் கார் வால்வ் இருப்பதால் குழாய் பொருந்தும், ஆசையாகவும் இருக்கும். கார் ரயரில் இருக்கும் காற்றின் கொள்ளளவு வேறு, சைக்கிளின் மெல்லிய ரயரில் வேறு. கண் மூடித் திறக்கும் முன் அளவு தாண்டிவிடும். மானி உள்ள ஒரு நிற்கும் பம்புக்குக் கொடுத்த 35 டொலர்தான் இந்தச் சைக்கிளுக்கு நான் செய்த ஆகப் பெறுமதியான செலவு.

எவ்வளவு அடிக்கலாம் என்பதற்குப் பிராங்க் பேர்ட்டோ என்ற அமெரிக்கர் ஒரு அளவுகோல் தந்திருக்கிறார். சில்லில் பாரம் ஏறும்போது ரயர் தன் உயரத்தில் 15 விழுக்காடு அமுங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அதைவிடக் குறைவாக அமுங்கினால் உடம்பு குலுங்கும், கூட அமுங்கினால் குழியில் றிம் இடிபடும். பாரம் பின்னாலேயே கூட விழுவதால் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே காற்று தேவையில்லை. நான், சைக்கிள், சாப்பாட்டுப் பை எல்லாம் சேர்த்து 95 கிலோ. 32 மில்லிமீற்றர் ரயரில் பின்னுக்கு 68, முன்னுக்கு 55 போடுகிறேன். 70க்குக் கீழே நிற்கும் இந்தக் காற்று என் றிம்முக்கும் பாதுகாப்பு, முதுகுக்கும் சுகம். றேசிங் சைக்கிள் என்றால் கல்லுப்போல் காற்று இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். குழிக்குள் சக்கரம் விழுந்தெழும் ரொறொன்ரோ வீதிகளில் அந்த நினைப்பு மணிக்கட்டை உடைக்கும்.

இனி, மலிவு.

அந்த 44 டொலர்ச் சோடி மோசமான ரயர் என்று நான் சொல்லமாட்டேன். வெடித்தது என் பிழை. அதே சோடியைப் புது ரியூப் போட்டு, குறைந்த காற்றில் இரண்டு கோடை ஓடினேன். ஆனால் என் வழி எக்ளிங்ரன் வீதி. ரயில் பாதைக் கட்டுமானத்தால் வருடக்கணக்காக ஆணியும் கம்பித் துண்டும் கண்ணாடியும் கிடந்த வீதி. முதல் கோடையில் மட்டும் ஆறு முறை பஞ்சர். ஒவ்வொன்றும் பின் சில்லு. ஒரு முறை இரவு வேலை முடிந்து மழையில் நின்று ஒட்டுப் போட்டேன். இன்னொரு முறை வேலைக்கு ஒரு மணிநேரம் பிந்திப் போய்ச் சம்பளத்தில் வெட்டு. பின் ரயர் 2,800 கிலோமீற்றரில் நடுப்பகுதி தட்டையாகித் தேய்ந்துபோனது.

அப்போதுதான் கணக்கை வேறு மாதிரிப் போட்டுப் பார்த்தேன். 22 டொலர் ரயர், ஆறு பஞ்சர், இரண்டு புது ரியூப், வெட்டுண்ட சம்பளம். இதற்கு எதிரே, துளைப்புக்குத் தடுப்புப் பட்டி உள்ளே வைத்த சுவால்பே மரதன், 32-630, 52 டொலர். 2022 சித்திரையில் அதைப் பின்னுக்குப் போட்டேன். இரண்டு கோடையும் தாண்டி 6,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது, பஞ்சர் ஒன்றே ஒன்று. பாரம் கூடிய ரயர்தான். ஏற்றத்தில் அதை உணர்வேன். வேலைக்குப் போகும் வழியில் நேரத்துக்குப் போய்ச்சேருவதுதான் எனக்கு வேகம்.

முன்னுக்கு வேறு யோசனை. முன் ரயர் மெதுவாகத் தேயும், ஆனால் வெடித்தால் ஆள் விழுவது முன்னால்தான். அதனால் எப்போதும் நல்ல ரயர் முன்னுக்கு. பனாரேசர் பசேலா ஒன்று 46 டொலருக்குக் கிடைத்தது. அதன் உட்துணி மெல்லிய, நெருக்கமான நூல். மலிவு ரயர்களில் தடித்த நூல் ஐதாக ஓடும், ரப்பரை அப்பி நிரப்பியிருப்பார்கள், அதனால்தான் அவை விறைப்பு. பசேலாவைப் போட்டு, ஹைலண்ட் கிறீக் பக்கத்துச் சரிவில் முதல்முறை இறங்கியபோது, ஹாண்டிலில் வந்துகொண்டிருந்த அந்த ஓயாத அதிர்வு நின்றுவிட்டது. ஏதோ கழன்றுவிட்டதாக்கும் என்று இறங்கிப் பார்த்தேன். ஒன்றும் கழலவில்லை. அதுதான் நல்ல ரயர்.

ஒரு விஷயம்: இரண்டு ரயரும் ஒரே சாதியாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. பார்வைக்குச் சோடி சேராது, அவ்வளவுதான். கையில் 70 டொலர் மட்டும் இருந்தால் முன்னுக்கு நல்லதொன்றும் பின்னுக்கு மலிவானதொன்றும் வாங்கலாம். பின் ரயர் தேய்ந்த பிறகு முன்னதைப் பின்னுக்கு மாற்றிவிட்டு, புதியதை முன்னுக்குப் போட்டுக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குள் பத்துக் கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு என் மரதன் வீண் செலவு. அவருக்கு அந்த 22 டொலர் ரயரே சரி. கென்டா போன்றவர்கள் இந்த அளவில் மலிவாகச் செய்கிறார்கள், அளவும் காற்றும் சரியாக இருந்தால் அதில் ஒரு குறையும் இல்லை. பழைய சைக்கிளுக்குப் பழைய தோற்றம் வேண்டும் என்று ஒன்றுக்கு 90 டொலர் கொடுத்துப் பருத்தித் துணி ரயர் தேடுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். அழகுதான். 50 டொலர்ச் சைக்கிளுக்கு அது தேவையில்லை. அந்தக் காசில் பிறேக் கட்டை, கேபிள், உட்பட்டி எல்லாம் புதிதாக்கலாம்.

உட்பட்டி என்றேன். றிம்முக்குள் சில்லுக் கம்பிகளின் தலையை மூடி ஓடும் பட்டியைச் சொல்கிறேன். பழைய சைக்கிளில் அது ரப்பர், நாற்பது வருடத்தில் பிஸ்கட்போல் நொறுங்கும். என் ஆறு பஞ்சரில் ஒன்று கண்ணாடியால் வந்ததல்ல, உள்ளிருந்து ஒரு கம்பித் தலை குத்தியது. ரியூபில் ஓட்டை றிம் பக்கமாக இருந்தால் குற்றவாளி வீதி இல்லை. துணிப் பட்டி சில டொலர்கள்தான், ரயர் மாற்றும்போதே போட்டுவிடுங்கள். ரியூபுக்கு அலைய வேண்டியதில்லை. 700C, 28 முதல் 35 வரை என்று எழுதிய ரியூப் 27 அங்குலத்துக்கும் இழுபட்டுப் பொருந்தும். ரயருக்கு ஆகாத மன்னிப்பு ரியூபுக்கு உண்டு. றிம்மின் துளை கார் வால்வுக்கு வெட்டியதாக இருந்தால் அதே வால்வ் உள்ள ரியூபை வாங்குங்கள். மெல்லிய வால்வ் அந்தப் பெரிய துளையில் ஆடி, அடியோடு பிய்ந்துவிடும்.

பழைய ரயர் வாங்கலாமா? தன்னார்வலர்கள் நடத்தும் சைக்கிள் பட்டறைகளில் இரண்டு, மூன்று டொலருக்குக் குவித்துவைத்திருப்பார்கள். ஐயாவை ஒரு நாள் கூட்டிப்போனேன். கடை வைத்திருந்த மனிதர் திரும்பவும் கடைக்குள் போனதுபோல் ஆகிவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்து, பக்கச்சுவரைக் கட்டைவிரல்களால் மடித்துப் பார்த்தார். வெடிப்புக்குள் நூல் தெரிந்தால் ஒதுக்கினார். நகத்தை ரப்பரில் அழுத்தினார். பதிந்து மீண்டால் உயிர் இருக்கிறது, பதியாவிட்டால் காய்ந்துவிட்டது. விளிம்புக் கம்பியை வட்டமாகத் தடவி எங்காவது முறிந்து நெளிந்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு உள்பக்கத்தை வெளியே புரட்டி, கொஞ்சம் பஞ்சை எடுத்துச் சுற்றிவர உரசினார். விரலுக்குத் தெரியாத கண்ணாடித் துணிக்கையில் பஞ்சு நூல் மாட்டி நிற்கும். இருபது ரயரில் இரண்டைத்தான் தேர்ந்தார். அதில் ஒன்று 630. அதை நான் இன்னும் அவசரத்துக்கு வைத்திருக்கிறேன். விற்காமல் பெட்டிக்குள் முப்பது வருடம் கிடந்த "புது" ரயரையும் இதே நகத்தால் சோதியுங்கள். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயது ஏறும்.

அன்று திரும்பி வரும் வழியில் அவர் ஊரில் ரயர் தைத்த கதைகளைச் சொன்னார். போரில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலத்தில் புது ரயர் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிழிந்த ரயரைத் தடித்த நூலால் தைத்து, உள்ளே வேறொரு தேய்ந்த ரயரின் துண்டை வைத்துக் கொடுப்பாராம். எனக்கு அது புதுக் கதை இல்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்த இரவில், அப்பாவின் ராலேயில் அரிசி மூட்டையும் உடுப்புப் பெட்டியும் கட்டியிருந்தோம். பின் ரயருக்குள் அப்படி ஒரு துண்டு இருந்தது. சனத்துக்குள் சைக்கிளை உருட்டியபடி அப்பா அடிக்கடி குனிந்து அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். கைதடி வரை அது தாங்கியது.

அந்தத் துண்டு வைத்தியம் இங்கேயும் உதவும். தேய்ந்த ரயரின் பக்கச்சுவரில் விரல் நீளத் துண்டொன்று வெட்டி, ஒட்டுப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். ரயர் கிழிந்தால் ரியூபுக்கும் கிழிசலுக்கும் நடுவில் வைத்துக் காற்றைக் குறைத்து வீடு வரலாம். துண்டு இல்லாத நாளில் ஐந்து டொலர்த் தாளை மடித்து வைத்திருக்கிறேன். கனடாவின் தாள்கள் இப்போது பிளாஸ்ரிக், அதனால் கிழியாது. வீட்டுக்கு வந்து கழுவி எடுத்துச் செலவும் செய்யலாம்.

ஏற்றும் கை ஒழுங்கைப் பற்றிக் கொஞ்சம். ரியூபுக்குக் குழந்தைப் பவுடர் பூசி, வடிவம் வருமளவுக்கு மட்டும் காற்று விட்டு உள்ளே வையுங்கள். இரண்டாம் பக்கக் கம்பியை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, இரண்டு கையாலும் சமமாகத் தள்ளி வந்து வால்வில் முடியுங்கள். றிம்மின் நடுவில் ஒரு பள்ளம் உண்டு, ஏற்கெனவே ஏறிய பகுதியை அந்தப் பள்ளத்துக்குள் பிதுக்கி விட்டால் மிச்சத்துக்குத் தளர்வு கிடைக்கும். சவர்க்காரத் தண்ணீர் கொஞ்சம் தொட்டால் இன்னும் லேசு. லீவர் கழற்றுவதற்கு, ஏற்றுவதற்குக் கை. முடிந்ததும் வால்வை ஒருமுறை உள்ளே அமுக்கி விடுவித்துவிடுங்கள், ரியூப் ரயருக்கடியில் நசுங்கியிருந்தால் விலகும்.

வேறு இரண்டு விஷயங்கள். உங்கள் பழைய சைக்கிளின் றிம்மில் பக்கச்சுவரே இல்லாமல் மேற்பக்கம் வெறும் குழிவாக இருந்தால் அது பசையால் ஒட்டும் ரயருக்கானது. அந்தக் காலத்துப் போட்டிச் சைக்கிள்கள் பல அப்படி. ரயரும் விலை, ஒட்டுவதும் தனி வேலை, வழியில் பஞ்சரானால் தையலைப் பிரிக்க வேண்டும். காசு பார்க்கிறவர் அந்தச் சைக்கிளை வாங்கும் முன்னே யோசிப்பது நல்லது. அடுத்தது, 27ஐ விட்டு 700C சில்லுகளுக்கே மாறலாமா என்ற கேள்வி. மாறலாம். ரயர்த் தெரிவு பெருகும், மழையில் வழுக்கும் இரும்பு றிம்முக்குப் பதிலாக அலுமினிய றிம் வரும், அது பெரிய நன்மை. ஆனால் பிறேக் கட்டை 4 மில்லிமீற்றர் கீழே எட்ட வேண்டும், பின் சட்டகத்தின் அகலம் இன்றைய சில்லுக்கு ஒடுக்கம். எனக்குச் சொன்ன விலை 260 டொலர். 50 டொலர்ச் சைக்கிளுக்கு நான் மாட்டேன் என்றுவிட்டேன். இரும்பு றிம்மில் மழை நாளில் பிறேக் முதல் பல மீற்றருக்குப் பிடிக்காது என்பதை மனதில் வைத்து, நல்ல கட்டை போட்டு, தூரம் விட்டு ஓடுகிறேன்.

அகலத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: சட்டகமும் பிறேக்கும் இடம் விட்டால் 1 1/4ஐயே போடுங்கள், 1 அங்குலத்துக்குப் போகாதீர்கள். மெல்லிய ரயருக்குக் கூடிய காற்று வேண்டும், அந்தக் காற்றை நேர்ச்சுவர் றிம் தராது. குயின் வீதி, கிங் வீதி பக்கம் போகிறவர்கள் ட்ராம் தண்டவாளத்தையும் நினையுங்கள். மெல்லிய ரயர் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினால் ஹாண்டில் உங்கள் சொல் கேட்காது. எந்த ரயரானாலும் தண்டவாளத்தைக் குறுக்காக, நேராக வெட்டிக் கடவுங்கள்.

போன சனிக்கிழமை நாலாம் மாடிப் பெடியன் ஒருவன் கதவைத் தட்டினான். கையில் ரயர்ப் பெட்டி. இந்தியாவிலிருந்து படிக்க வந்தவன், பழைய பேஜோ சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறான். "அங்கிள், உங்ககிட்ட டயர் லீவர் இருக்குன்னு சொன்னாங்க" என்றான். லீவரை எடுக்கவில்லை. கைவிளக்கையும் இரும்புப் பஞ்சையும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். ஐயாவும் வந்து வாங்கில் இருந்தார். றிம்மில் துரு மூடியிருந்தது. கால் மணிநேரம் மெதுவாகத் தேய்த்தோம். வால்வுக்குப் பக்கத்தில் எழுத்து ஒவ்வொன்றாக வந்தது: முதலில் 7, பிறகு இரண்டு பூச்சியம், பிறகு C. பெட்டியில் 27 x 1 1/4 என்று இருந்தது. அவன் இன்னும் ஒட்டுநாடாவை வெட்டவில்லை, பற்றுச்சீட்டும் பையிலேயே இருந்தது. கடை ஆறு மணிக்குப் பூட்டும். என் செக்கினேயைக் கொடுத்து அனுப்பினேன்.